ஒருவர் முன் ஒருவராகப் பத்து நொடி

ஊஞ்சக்காட்டுப்பாளையத்தில் குடிநீர் இணைப்பு யார் யார் பெயரில் இருக்கிறதோ அவர்கள் அத்தனை பேரும், மொத்தம் ஆயிரத்து நூற்று நாற்பது பேர், ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் மதியம் சரியாக மூன்று மணிக்குத் தறியை நிறுத்தி, அடுப்பை அணைத்து, பாதி சவரம் செய்த முகத்தோடும் ஈரத் தலையோடும் தெருவுக்கு வந்து, எதிரே வந்த ஆளின் முன்னால் நின்று, அவர் முகத்தைப் பத்து நொடி பார்த்து, "இல்ல" என்று சொல்லிவிட்டு, அடுத்த ஆளைத் தேடி நடந்தார்கள். ஆயிரத்து நூற்று முப்பத்தொன்பது முகங்களையும் பார்த்து முடிக்க ஆறு மணிக்கு மேல் ஆகிவிட்டது. அப்புறம் கால்கள் மறுபடி எங்கள் சொல்பேச்சைக் கேட்டன, வீட்டுக்குப் போய் உலை வைத்தோம்.

காரணம் மறுநாளே தெரிந்துவிட்டது. பேரூராட்சி அலுவலகத்தில் தபால் பதிவு செய்கிறவன் நான் என்பதால் எனக்கு முதலில் தெரிந்தது. எங்கள் ஊரில் கதவிலக்கத்தை இரண்டு தடவை மாற்றி, பழைய குழாய் வரைபடத்தில் இருக்கும் வீடு புதிய வரைபடத்தில் எந்த வீடு என்று கடவுளுக்கே தெரியாத நிலைமையாகிவிட்டது. எந்தக் குழாய் எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்குப் போகிறது என்ற பின்னலை வைத்து இரண்டு படத்தையும் ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கும்படி கோயம்புத்தூரில் ஒரு சின்னக் கம்பெனி மென்பொருள் எழுதிக் கொடுத்திருந்தது. டேங்க் ஆபரேட்டர் ஆறுச்சாமி அன்றைய குழாய் விவரத்தைப் போனில் ஏற்றுவார், மூன்று மணிக்கு எங்கேயோ இருக்கும் சர்வர் ஒப்பிட ஆரம்பிக்கும், முடித்த பிறகுதான் மறுநாள் தண்ணீர்ப் பட்டியல் வரும், மோட்டார் ஓடும். அது ஒவ்வொரு வீட்டையும் ஒவ்வொரு வீட்டோடும் வைத்துப் பார்த்தது. அது பார்க்க, நாங்கள் நடந்தோம். இதற்கு மேல் இதில் விளக்க ஒன்றுமில்லை. விளக்கம் கேட்டு ஜீப்பில் வந்த அதிகாரியும், தன் பெயரில் இங்கே இணைப்பு இல்லாததால் கால் இழுக்கப்படாமல், ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பிப் போனார்.

நிறுத்திப் பார்த்தோம். இரண்டு நாள் மோட்டார் ஓடவில்லை, குடத்தைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக் கிணறுகளுக்கு அலைந்தோம். தண்ணீருக்கு நடப்பதற்கு முகத்துக்கு நடப்பதே தேவலை என்று மூன்றாம் நாள் மறுபடி போடச் சொன்னோம்.

ஊர் என்றால் எதற்கும் பழகிவிடும். தறிக்காரர்கள் ஷிப்டை மூன்று மணிக்கு உடைத்து வைத்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளுக்குச் சாவியை எங்கே வைப்பது என்று வீட்டுக்கு வீடு ஓர் ஏற்பாடு வந்தது. நடக்க முடியாதவர்களை மொபெட்டின் பின்னால் உட்கார வைத்துக் கூட்டி வந்தார்கள். படுத்த படுக்கையாகக் கிடந்த கருப்பணன் வீட்டுக்குள் ஊரே ஒரு வாசலில் நுழைந்து மறு வாசலில் வெளியேறியது, அவரும் சளைக்காமல் ஆயிரத்து நூற்று முப்பத்தொன்பது தடவை "இல்ல" என்றார், அந்த மாதம் அவர் முகத்தில் நல்ல தெளிச்சம் வந்ததாக டாக்டரே சொன்னார். முதல் இரண்டு மாதம், உண்மையைச் சொன்னால், கொஞ்சம் திருவிழாவாகக்கூட இருந்தது. ஒரே தெருவில் இருபது வருடம் இருந்தும் பார்த்துக்கொள்ளாதவர்கள் பார்த்துக்கொண்டார்கள். வரப்புத் தகராறில் பேச்சை விட்ட பங்காளிகள், தினமும் பத்து நொடி முறைத்து முறைத்து, ஒரு கட்டத்தில் முறைக்கச் சலித்துப்போய், ஒருவர் மூக்கில் இருந்த பஞ்சைப் பார்த்து இன்னொருவர் சிரித்துவிட்டார்.

ஆனால் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. குடையைப் பிடித்தபடி ஆயிரம் பேர் முன்னால் நிற்பது என்ன பாடு என்று நின்றவர்களுக்குத்தான் தெரியும். முழங்கால் வீங்கியது, செருப்பு தேய்ந்தது, சமைக்க நேரமாகி எல்லா வீட்டிலும் ரசமும் அப்பளமுமாகவே போனது. மனிதர்களின் முகம் அலுத்துவிட்டது. கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தே ஒரு நாள் "இல்ல" என்று சொன்னேன், அவ்வளவு அயர்ச்சி. கார்த்திகையில் எல்லோரும் கையெழுத்துப் போட்டு, இந்த ஒப்பீட்டைச் சீக்கிரம் முடிகிற மாதிரி மாற்றித் தரவேண்டும் என்று கம்பெனிக்கு மனு அனுப்பினோம். ஆறுச்சாமி மட்டும் கையெழுத்துப் போடவில்லை. பேனாவில் மை இல்லை என்றார், நான் வேறு பேனா கொடுத்தேன், கண்ணாடி கொண்டுவரவில்லை என்றார்.

அவர் ஏன் போடவில்லை என்று எங்களுக்குத் தெரியும். ஆறுச்சாமியின் ஒரே மகள் ஹேமலதா, டயர் கடை வைத்திருக்கும் எட்வினைக் கல்யாணம் செய்துகொண்டு, ஊரின் வடகோடியில் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் குடியிருந்தாள். ஏழு வருடமாக அப்பனும் மகளும் பேசவில்லை. கல்யாணத்தன்று போலீஸ் ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் "இது உங்க பொண்ணுதானுங்களா?" என்று கேட்டபோது, ஆறுச்சாமி சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு "இல்ல" என்று சொல்லிவிட்டு வந்தவர். அந்தத் தெருவின் வால்வைத் திறந்து விடுவதற்கு மட்டும் தினமும் போவார், தலையைக் குனிந்தபடி போய்த் தலையைக் குனிந்தபடி வருவார்.

இணைப்பு ஹேமலதா பெயரில் இருந்தது. ஆகவே அந்தச் செவ்வாய்க்கிழமை முதல் தினமும் ஒரு தடவை, நாலரை மணிவாக்கில், எந்தத் தெருவில் எதிர்ப்பட்டாலும் அப்பனும் மகளும் நேருக்கு நேர் பத்து நொடி நிற்க வேண்டியதாயிற்று. தலையைக் குனிய முடியாது, ஒப்பீடு விடாது. முதல் நாள் இருவரும் "இல்ல" என்றபோது பக்கத்தில் நின்ற நாங்கள் அதைக் கேட்காத மாதிரி நின்றோம். அடுத்த வாரம் முதல் ஆறுச்சாமி மூன்று மணிக்கு முன்னால் இஸ்திரி போட்ட சட்டை மாற்றிக்கொள்ள ஆரம்பித்தார். மகள் முழுகாமல் இருப்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை, பத்துப் பத்து நொடியாக அவரே பார்த்துத் தெரிந்துகொண்டார். பிரசவமாகி ஒன்பது நாள் அவளைச் சன்னலோரம் உட்கார வைத்து ஊர் தெருவிலிருந்தே பார்த்துவிட்டுப் போனது, பத்தாம் நாள் அவள் குழந்தையைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். பேரனுக்குக் காது குத்தாததையும், நெற்றியில் கொசு கடித்திருந்ததையும், கண் அப்படியே தன்னுடைய அம்மாவின் கண்ணாக இருந்ததையும் அவர் பத்து நொடிக்குள் பார்த்துவிட்டு, "இல்ல" என்றார். வாய் தானாகச் சொன்னது, பாவம், அவர் கண் வேறு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. அவருக்கு ஒரு நாள் என்பது அந்தப் பத்து நொடிதான், மீதி நேரமெல்லாம் வால்வும் மோட்டாரும்.

எங்களுக்கு இவ்வளவும் தெரியும். தெரிந்தும் கையெழுத்துப் போட்டோம். கால் வலித்தது.

மார்கழியில் கம்பெனியிலிருந்து கோகிலவாணி என்ற பெண் வந்தாள். நாற்பதை நெருங்கிய வயது, தோளில் லேப்டாப் பை, கண்ணுக்குக் கீழே கருவளையம். என் மேசைக்கு எதிர் மேசையில் உட்கார்ந்து, இரண்டு மணிநேரம் படித்துவிட்டு, நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள்.

"எழுதுனவரு வேலைய விட்டுட்டுப் போய்ட்டாருங்க. ஒரு வீட்டை எடு, எல்லா வீட்டோடயும் பாரு, அடுத்த வீட்டை எடு, மறுபடி எல்லா வீட்டோடயும் பாரு. இவ்வளவுதான் எழுதி வெச்சிருக்காரு. ஆறு லட்சத்து நாப்பத்தொம்பதாயிரத்து இருநூத்து முப்பது தடவ. பத்து வீடு இருக்கற ஊருக்கு இது போதும்."

"எங்க ஊர்ல பத்து வீடு இல்லீங்களே," என்றேன்.

"அதாங்க."

மூன்று மணிக்கு நாங்கள் எழுந்து போனபோது அவளும் வாசலுக்கு வந்து நின்று பார்த்தாள். ஆறேகாலுக்கு நான் காலைத் தேய்த்துக்கொண்டு திரும்பியபோதும் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். "பதினஞ்சு வருசமா இப்படிச் சுத்திச் சுத்திச் செய்யற லூப் எழுதறனுங்க," என்றாள். "செருப்புப் போட்டுக்கிட்டு நடந்து போறத இன்னைக்குத்தான் பாக்கறேன். மன்னிச்சுக்கங்க." அவள் எழுதாததற்கு அவள் மன்னிப்புக் கேட்டது எனக்குக் கஷ்டமாக இருந்தது, உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தேன்.

முதல் வாரம் ஒரு சின்ன மாற்றம் செய்தாள். ஒரு வீட்டோடு எத்தனை குழாய் சேர்கிறது என்று முதலில் எண்ணிவிடு, ஒரே எண்ணிக்கை உள்ள வீடுகளை மட்டும் ஒன்றோடொன்று வைத்துப் பார், ஒரு குழாய் வீட்டுக்கும் நாலு குழாய் வீட்டுக்கும் என்ன ஒப்பீடு வேண்டிக் கிடக்கிறது என்றாள். அவ்வளவுதான், மூன்று மணி நேரம் ஒன்றரையாகக் குறைந்தது. எங்கள் ஊரில் ஒருவர் குழாயிலிருந்து பக்கத்து வீட்டுக்கு இழுத்துக் கொடுப்பது வழக்கம், அதனால் எண்ணிக்கை வீட்டுக்கு வீடு மாறும். ஆறுச்சாமி வீட்டில் இரண்டு, ஹேமலதா வீட்டிலும் இரண்டு. அவர்களுடைய பத்து நொடிக்கு ஒன்றும் ஆகவில்லை.

அடுத்த மாற்றத்தை அவள் அலுவலகத்தில் எல்லோரையும் கூட்டி வைத்து விளக்கினாள். இனி வீட்டின் எண்ணிக்கை மட்டுமல்ல, அந்த வீட்டோடு சேர்ந்த வீடுகளின் எண்ணிக்கை, அந்த வீடுகளோடு சேர்ந்தவற்றின் எண்ணிக்கை, எல்லாவற்றையும் சேர்த்து ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அடையாளம் போட்டுவிடும், அடையாளத்தைப் பார்த்தாலே எது எது என்று தெரிந்துவிடும், யாரும் யார் முன்னாலும் போய் நிற்க வேண்டியதில்லை. நாங்கள் கை தட்டினோம். பின்னால் கதவோரம் நின்ற ஆறுச்சாமி தொண்டையைச் செருமினார்.

"ஏனுங்க மேடம், ஒருத்தருக்குமே நிக்க வேண்டாமுங்களா?"

"தெருக்குழாயில நேராச் சேர்ற ரெண்டு வீடு அச்சு அசலா ஒரே மாதிரி இருந்தா அவங்க மட்டும் நிக்கோணுமுங்க, அதுக்குப் பின்னால இருக்கற வீடெல்லாம் அவங்களோடயே தெரிஞ்சுரும். உங்க ஊர்ப் படத்துல அப்படி இல்லீங்க, நான் பாத்துட்டேன்."

"சரிங்க," என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

அவர் போன பிறகு அப்பன் மகள் கதையைக் கோகிலவாணியிடம் நான்தான் சொன்னேன், சொல்லாமல் இருந்திருக்கலாம். "நான் என்னங்க பண்றது," என்றாள். "ஆபீஸ்ல வெள்ளிக்கிழமைக்குள்ள முடிக்கச் சொல்றாங்க. ஆயிரம் பேரு காலு ஒரு பக்கம், அவரு ஒருத்தரு ஒரு பக்கம். எனக்கு அலுத்துப் போச்சுங்க, எதைச் சரி பண்ணாலும் யாருக்காவது ஒண்ணு கெட்டுப் போகுது." என் முழங்காலைக் கேட்டால் அது ஒரு பதில் வைத்திருந்தது, அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

புதன்கிழமை காலையில் ஹேமலதா தோளில் குழந்தையோடு அலுவலகத்துக்கு வந்தாள். என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு நேராகக் கோகிலவாணியிடம் போனாள்.

"மேடம், எங்கப்பா வீட்டுக்கும் எங்க வீட்டுக்கும் எதுல வித்தியாசமுங்க?"

கோகிலவாணி படத்தைத் திறந்து காட்டினாள். ஆறுச்சாமி வீட்டுக் குழாய் பக்கத்து டெய்லர் வீட்டுக்குப் போய், அங்கிருந்து மூன்று வீட்டுக்குப் பிரிகிறது. ஹேமலதா வீட்டுக் குழாய் பக்கத்துப் பாப்பாத்தியம்மாள் வீட்டுக்குப் போய் அங்கேயே நின்றுவிடுகிறது. அவ்வளவுதான் வித்தியாசம், மற்றபடி தெருக்குழாயிலிருந்து பிரிகிற விதம்கூட ஒன்றே என்றாள்.

"பாப்பாத்தியக்கா வீட்டுக்குப் பொறத்தால மூணு வீடு இருக்குதுங்க," என்றாள் ஹேமலதா. "கேட்டுத் தண்டவாளத்தத் தாண்டிப் போயித்தான் தண்ணி எடுக்கறாங்க."

மத்தியானத்துக்குள் மூன்று வீட்டுக்கும் இணைப்புக் கேட்டு மூன்று விண்ணப்பம், பாப்பாத்தியம்மாளின் சம்மதக் கடிதத்தோடு என் மேசைக்கு வந்துவிட்டது. எங்கள் ஆபீசில் ஒரு இணைப்புக்கு மூன்று மாதம் ஆகும். செயல் அலுவலர் அன்றைக்கே கையெழுத்துப் போட்டார், ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவரும் ஐப்பசி மழையில் எங்களோடு நனைந்தவர்தான். ஆனால் பள்ளம் தோண்டிக் குழாய் பதித்து, போனில் ஏற்ற வேண்டியவர் ஆறுச்சாமி. வேறு ஆளை அனுப்ப முடியாது, வேறு ஆள் இல்லை. விண்ணப்பங்களை அவர் கையில் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். படத்தைத் தலைகீழாகக்கூட வரைவார், அவருக்குப் புரியாமல் இருக்காது. சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு போனார்.

வியாழக்கிழமை முழுக்க அவர் அந்தப் பக்கம் போகவில்லை. டெய்லர் வந்து சொன்னார், ஆள் வீட்டு வாசலில் உட்கார்ந்து தன் குழாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று. ஏழு வருடத்து வீம்பு, ஒரு நாளில் எழுந்து நடந்துவிடுமா. எனக்குக் கோபம் வந்தது, இவ்வளவு தூரம் அந்தப் பெண் இறங்கி வந்தும் இந்த மனிதனுக்கு என்ன கொம்பா முளைத்திருக்கிறது என்று மேசையைத் தட்டினேன். கோகிலவாணியின் வேலை முடிந்துவிட்டிருந்தது, வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்குப் புதுசு ஓடும் என்று குறித்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஆறுச்சாமி கடப்பாரையோடு ரயில்வே கேட் தெருவில் நின்றார். கூட ஆள் வைத்துக்கொள்ளவில்லை. பாப்பாத்தியம்மாள் வீட்டுப் பக்கவாட்டில் அறுபத்திரண்டு வயதில் அவரே தோண்டினார், குழாயை அறுத்து, பசை தடவி, மூட்டு சேர்த்து, மூன்று வீட்டு வாசலிலும் குழாயை நிறுத்தினார். ஹேமலதா தன் வீட்டு வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இவரும் நிமிரவில்லை, அவளும் கிட்டப் போகவில்லை. இரண்டரை மணிக்கு மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, வீட்டுக்குப் போய்க் குளித்து, இஸ்திரி போட்ட சட்டை மாற்றிக்கொண்டு, விவரத்தைப் போனில் ஏற்றினார்.

மூன்று மணி அடித்தபோது பழக்கத்தில் ஊரே வாசலுக்கு வந்துவிட்டது. கால்கள் அசையவில்லை. ஒருவரையொருவர் பார்த்தோம், சிரித்தோம், சிலர் அழுதார்கள், கருப்பணன் வீட்டு வாசலில் யாரும் நுழையாததால் அவர் உள்ளேயிருந்து "என்ன ஆச்சு, எல்லாரும் செத்துப் போனீங்களா?" என்று கத்தினார். தறிகள் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தன, அந்த நேரத்தில் தறிச்சத்தம் கேட்டு ஐந்து மாதம் ஆகியிருந்தது.

தெற்கேயிருந்து ஆறுச்சாமி நடந்து வந்தார். வடக்கேயிருந்து ஹேமலதா குழந்தையோடு நடந்து வந்தாள். ரேஷன் கடை முன்னால் இருவரும் நின்றார்கள். பத்து நொடி ஆயிற்று. "இல்ல" வரவில்லை. இருபது நொடி, ஒரு நிமிடம், ஐந்து நிமிடம் ஆயிற்று, இருவர் வாயிலிருந்தும் அந்தச் சொல் வரவில்லை. இரண்டு வீட்டுக்கும் ஒரே அடையாளம், எது எது என்று சர்வரால் பிரிக்க முடியவில்லை. பிரிக்க முடியாதபோது இல்லை என்று எப்படிச் சொல்லும். நாங்கள் கூட்டமாகச் சுற்றி நின்றோம், கால் வலியை மறந்து நின்றோம்.

கோகிலவாணியின் போன் அடித்தது. அவளுடைய அதிகாரியின் குரல் எனக்கே கேட்டது. "ஒரு ஜோடி மட்டும் முடியாம சுத்திக்கிட்டே இருக்கும்மா. கதவு நம்பர் எது சின்னதோ அது முதல்லனு ஒரு வரி போட்டு முடிச்சு விடு. தண்ணிப் பட்டியல் போகல பாரு." "போடறேன் சார்," என்றாள். ரேஷன் கடைப் படியில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள். யாரோ "வேண்டாமுங்க" என்றார்கள். எல்லோரும் அதையே சொன்னோம், கையெழுத்துப் போட்ட நாங்கள்தான். அவள் எங்களை நிமிர்ந்து பார்த்தாள்.

"நாளைக்கு ஊருக்குத் தண்ணி வேணுமுங்களே," என்று சொல்லிவிட்டு, அந்த ஒரு வரியை எழுதி அனுப்பினாள்.

விடுபடுவது எப்படியிருக்கும் என்று எங்களுக்கு ஐந்து மாதப் பழக்கம், தோள் ஓர் அங்குலம் தளரும், குதிகால் தரையில் அழுந்தும். ஆறுச்சாமியின் தோள் தளர்ந்ததைப் பார்த்தோம். ஹேமலதாவின் தோளும் தளர்ந்தது. அவர் பையில் போன் சிணுங்கியது, பட்டியல் வந்துவிட்டது, ஒப்பீடு முடிந்துவிட்டது, இனி ஒருநாளும் இருவரையும் யாரும் இழுத்து வந்து நிறுத்தப்போவதில்லை. அவர் போகலாம். அவர் போகவில்லை. அவள் குழந்தையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள், அவளும் போகவில்லை.

ஆறுச்சாமி வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். முப்பது வருடமாக ஊரில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கேட்டு, ஒரு வீட்டில் மட்டும் ஏழு வருடமாகக் கேட்காமல் வந்த கேள்விதான் அவருக்கு வாயில் வந்தது.

"தண்ணி வருதா, அம்மிணி?"

"வருதுங்கப்பா," என்றாள் ஹேமலதா. "பாதியாத்தான் வருது. மூணு வீட்டுக்குப் பிரிச்சு உட்டதுல எனக்கு வேகமே இல்ல. வந்து பாருங்க."

ஆறுச்சாமி மடித்த வேட்டியை இறக்கி விட்டுக்கொண்டு அவள் பின்னால் நடந்தார்.